பெரட்டுக்கு வராதவள்

அன்புள்ள பாக்கியம்,

இன்று 2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. நீ இருந்திருந்தால், "மணியையும் சேர்த்துச் சொல்லிடுங்கக்கா" என்றிருப்பாய். காலை ஆறேகாலுக்குப் பிறந்ததாக அம்மா சொன்ன நினைவு. சேர்த்துக்கொள்.

நாளை உன் ஆட்டைத் திவசம். இறந்தவர்களை வானளாவப் புகழ்வதில் நம்மவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு, எனக்கு இல்லை. உன் ரசத்தில் எப்போதும் புளி அதிகம். நீ போய் ஒரு வருடமாகியும் அது குறையவில்லை. என் தம்பி, அதாவது உன் கணவன் ரத்தினம், நீ எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து அதே புளியோடுதான் வைத்துக்கொண்டிருக்கிறான்.

இனிச் செய்திக்கு வருகிறேன். ஈப்போவில் நமக்குத் தெரிந்தவர்களில் வலையொலி கேட்காதவர் இப்போது யாரும் இல்லை. நீ கடைசிவரை 'போட்காஸ்ட்டு' என்றே சொன்னாய். எனக்கு அது வலையொலிதான். அவர்களையெல்லாம் கேட்க வைத்தது நான். இதை அடக்கத்தோடு சொல்ல முயன்று பார்த்தேன், முடியவில்லை.

என் முறை உனக்குத் தெரியாது. முப்பத்தோராண்டு பள்ளி நசீராக, அதாவது ஆய்வாளராக, சிலிம் ரிவரிலிருந்து தைப்பிங் வரை எத்தனையோ வகுப்பறைகளின் கடைசி வாங்கில் உட்கார்ந்தவள் நான். ஆசிரியர் என்ன பேசுகிறார் என்பதில் கவனம் வைத்ததே இல்லை. கேட்கிற பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்ப்பேன். பாடத்தின் தரத்தை முகம் சொல்லிவிடும். வலையொலிக்கும் அதே முறைதான். காதில் எதையோ செருகிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எதிர் இருக்கையில் அமர்ந்து ஐந்து நிமிடம் முகத்தை ஆராய்வேன். கண் சொருகினால் அந்த நிகழ்ச்சி தள்ளுபடி. தோள் குலுங்கினால், உதடு துடித்தால், இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டால், முழங்கையில் தட்டி, "என்ன கேட்கிறீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்பேன். பயந்துபோய் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்த பேருந்தில் ஒரு பெண் ஈப்போ வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். அது ஒரு கொலைத் துப்பறியும் தொடர். கோயில் பொருளாளர் சின்னையாவுக்கு அதைப் பரிந்துரைத்தேன். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அந்த மனிதருக்குக் கொட்டாவி விடுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். பத்து நாள் கழித்துக் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு கேட்டேன். இப்ப பொறவாசக் கதவுக்கு மூணு பூட்டு போட்டிருக்கேன்லா. நேத்து எம் பொண்டாட்டி வெளிய நின்னு கத்துறா, எனக்குத் தொறக்கப் பயம்!"

'மிக நன்று' என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆம், குறிப்பேடு வைத்திருக்கிறேன். யாருக்கு எதைச் சொன்னேன், கேட்டார்களா, விளைவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்று மாதத்தில் மறு ஆய்வு செய்வேன்.

உன் நிகழ்ச்சியைப் பற்றி இன்னும் பேசவில்லையே என்று பார்க்கிறாயா? வருகிறேன்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நீ அதைத் தொடங்கினாய். முகத்தை மூடிய மனிதர்களோடு எனக்கு என்ன பேச்சு என்று சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம். நீ வாசலில் நின்ற பழைய காருக்குள் ஏறி, கண்ணாடியை உயர்த்தி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு நாய்க்குத் தெரியாமல் கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்தாய். வெளியே வரும்போது ஆவியில் வெந்த இட்டிலி போல இருப்பாய். அதற்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்தாய். விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, கணக்கெழுதும் கிராணியார் பெயர் கூப்பிட்டு, வராதவருக்கு 'ஆப்சன்' போடும் வழக்கத்துக்கு அந்தப் பெயர். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நீயும் அந்த வரிசையில் நின்றவள். இப்போது அங்கே செம்பனைதான் வரிசையில் நிற்கிறது.

ரத்தினம் உன்னைக் கட்டப்போகிறேன் என்றபோது முதலில் எதிர்த்தவள் நான். பட்டதாரி, அரசாங்க உத்தியோகம், யாழ்ப்பாணத்து வேர், எல்லாம் சேர்ந்து, "தோட்டத்துப் பெண்ணா?" என்று கேட்க வைத்தன. நான் கேட்டது உன் காதிலும் விழுந்தது. அதைப் பற்றி நாற்பது ஆண்டுகளில் நீ ஒரு சொல் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் வழக்கப்படி உன்னை மச்சாள் என்று அழைத்திருக்க வேண்டும். பெயர் சொல்லித்தான் அழைத்தேன்.

மூன்றாம் பகுதி வெளியான வாரம், கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு, ஒரு டப்பா நிறைய முறுக்கோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாய். நினைவிருக்கிறதா?

"கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன். நன்று. உச்சரிப்பு இன்னும் தெளிவாக இருக்கலாம்."

"எந்த எடத்துலக்கா?"

"பொதுவாக."

நீ டப்பாவின் மூடியைத் திறந்தாய், மறுபடி மூடினாய். "அந்தப் பாம்புக் கதை எப்படிக்கா இருந்துச்சு?"

"பாம்பு நன்றாக வந்திருந்தது."

"பாம்பே வரலக்கா அதுல."

முப்பத்தோராண்டு பிறரைச் சோதித்தவளை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாய். உன் முகத்தில் வெற்றிக் களிப்பு இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அது இல்லை. "பரவால்லக்கா," என்றாய். "எங்க தோட்டத்துப் பேச்சு ஒங்களுக்குப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும்." முறுக்கை வைத்துவிட்டுப் போனாய்.

அன்றைக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான், பாக்கியம், இந்த ஒரு வருடமாக நான் சுமக்கிற ஒரே பாரம். முழங்கால் தனி.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. முழங்கால் பயிற்சிக்குப் போகிற இடத்தில் லெட்சுமி என்று ஒருத்தி, பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே தோள் வலிக்காரி. ஒரு நாள் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று அதைப் பார்த்து, "வந்தாச்சு!" என்றாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். மறுபடி சிரித்தாள். தூக்கவேண்டிய கையைத் தூக்க மறந்து, பயிற்சி தருகிற பெண் மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. அப்படியொரு முகத்தை எந்த வகுப்பறையிலும் நான் கண்டதில்லை. பக்கத்தில் போய், "எழுதிக் கொடு" என்றேன்.

'பெரட்டு' என்று எழுதிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து வேறு எதையும் நான் பரிந்துரைக்கவில்லை. சின்னையாவுக்கும் பூக்காரிக்கும் சொன்னேன். நூலகருக்குச் சொன்னேன். பல்லைப் பிடுங்க வாயைத் திறக்கச் சொன்ன மருத்துவரிடம், திறப்பதற்கு முன் சொன்னேன். மதம் மாறச் சொல்லி வாசலில் வந்து நின்ற இருவரை, "முதலில் இதைக் கேளுங்கள், பிறகு பேசுவோம்" என்று அனுப்பினேன். அவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் கடைத்தெருவில் பார்த்தபோது ஒரு மாதிரியாகப் புன்னகைத்தார்கள். உன் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் எல்லாருமே என்னைக் கண்டால் அப்படித்தான் புன்னகைத்தார்கள். நன்றியறிதல் என்று எடுத்துக்கொண்டேன்.

உன்னிடம் இதை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், "நீங்க கேட்டீங்களாக்கா?" என்று மறுபடி கேட்டிருப்பாய். நான் கேட்கவில்லை. நாற்பத்தொரு பகுதிகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது அவசரப்படுத்தாதே.

போன வாரம் ரத்தினம் வந்தான். "அக்கா, ஊர் முழுக்கப் பரப்பினது நீங்கள்தானே. திவசத்தண்டைக்குச் சாப்பாட்டுக்கு முன்னம் மண்டபத்திலை ஒரு பகுதி போடப் போறன். எது நல்லது எண்டு நீங்களே தெரிவு செய்யுங்கோ. ஏன் பிடிச்சது எண்டு இரண்டு வார்த்தை பேசவும் வேணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? நாற்பத்தொரு தலைப்புகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'தண்ணிக் குழாய்ச் சண்டை', 'மண்டோர் வீட்டுக் கோழி', 'எங்கம்மாவின் பூட்ஸ்'. பாம்பு எதிலும் இல்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஆகவே நேற்றுக் காலை சின்னையாவைக் கோப்பிக் கடைக்கு வரச் சொன்னேன். வெளிச்சம் படும் பக்கமாக அவரை உட்கார வைத்து, தேர்வாளர் கேட்கிற தோரணையில், "உங்கள் கருத்தில் எந்தப் பகுதி சிறந்தது?" என்று கேட்டேன்.

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா ஒவ்வொண்ணுலயும் மொதல்ல ஒங்க பேரைக் கூப்புடுறாங்கல்ல, அதான் எனக்கு ரொம்பப் புடிக்கும்."

நான் கோப்பியைக் கலக்கினேன். அது ஏற்கெனவே கலந்துதான் இருந்தது.

"தெரியாதா டீச்சர்?"

"தெரியும்."

"தெரியாது. ஒங்களுக்குத் தெரியாதுன்னு ஈப்போ பூரா தெரியும்லா."

"அவள் சொல்வதை அப்படியே எழுதிக் கொடுங்கள்" என்றேன். கோயில் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில், தபால்காரரின் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். இதோ என் முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் இப்படித்தான் தொடங்குகிறதாம்:

'பெரட்டு! யோகேஸ்வரி அக்கா...' பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'வரலியா? சரி. கிராணியாரே, ஆப்சன் போட்டுடாதீங்க. அவங்க வருவாங்க.' அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் பெயர். கடிதம் போட்டவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாயாம். அவரவர் வீட்டிலிருந்து, பேருந்திலிருந்து, முழங்கால் பயிற்சிக் கூடத்திலிருந்து, "வந்தாச்சு!" என்பார்களாம்.

நாற்பத்தொரு தடவை, பாக்கியம். பாம்பு விஷயத்துக்கு முன்பும் கூப்பிட்டிருக்கிறாய், பின்பும் கூப்பிட்டிருக்கிறாய். என்னை வராதவள் என்று பதிய விடவே இல்லை. நானோ வீடு வீடாகப் போய், நான் வராத செய்தியை எல்லாரையும் கேட்க வைத்திருக்கிறேன். ஒரு மனுசி தன்னைத்தானே இவ்வளவு உழைத்து அம்பலப்படுத்திக்கொண்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"அவங்க கோவத்துல கூப்புடலை டீச்சர்," என்றார் சின்னையா. "கொரல்லயே தெரியும்."

குரலில் தெரியுமாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எனக்குக் காது கேட்காது, பாக்கியம். வலது காது போய்ப் பதினொரு வருடம். இடது காதும் நீ காருக்குள் ஏறிய காலத்துக்கு முன்பே கழன்றுகொண்டது. ஒரு மருத்துவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த செய்தி இது. எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்தால் சமாளித்துவிடுவேன். முகக்கவசம் வந்தபோது அதுவும் போயிற்று. ரத்தினம் கண்டுபிடிக்காததற்குக் காரணம், அவன் பிறவியிலேயே கத்திப் பேசுகிறவன். உன் மூன்றாம் பகுதியை அன்றைக்கு உண்மையிலேயே திறந்தேன். ஒலியை முழுவதும் உயர்த்தி, இடது காதில் வைத்து அழுத்தினேன். சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதுபோல் ஏதோ வந்தது. அது நீதானா என்றுகூடத் தெரியவில்லை.

முறுக்கு டப்பாவோடு நீ உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். உன் பேச்சை நான் மட்டமாக நினைக்கவில்லை, அது எனக்குக் கேட்கவே இல்லை என்று ஒரு வாக்கியம் போதும். செருக்குப் பிடித்தவள் என்று நீ நினைப்பது பரவாயில்லை, செவிடி என்று நினைக்கக்கூடாது என்று பட்டது. பட்டதாரியின் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

நேற்றுப் பகல், கோப்பிக் கடையிலிருந்து நேரே போய்க் காதுக் கருவி வாங்கிவிட்டேன். அதில் முதலில் கேட்டது, நானே முறுக்கு மெல்லும் சத்தம். இத்தனை வருடம் என் அருகில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டாவது கேட்டது ரத்தினத்தின் குரல். எப்படியம்மா தாங்கினாய்?

உன் நிகழ்ச்சியை இன்னும் திறக்கவில்லை. வீட்டில் தனியாகக் கேட்டுவிட்டுப் போவது, வினாத்தாளை முன்கூட்டியே பார்ப்பதற்குச் சமம். எந்தப் பகுதியை வேண்டுமானாலும் போடு, முதல் ஒரு நிமிடம் இருந்தால் போதும் என்று ரத்தினத்திடம் சொல்லிவிட்டேன்.

நாளை பத்தரை மணிக்கு மண்டபத்தில் நீ பெயர் கூப்பிடு. சின்னையா, லெட்சுமி, பல் மருத்துவர் எல்லாரும் பார்க்க, முழங்கால் எவ்வளவு நேரம் எடுத்தாலும், நான் எழுந்து நிற்பேன். நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, வந்தாச்சு என்பேன். பிறகு நாற்பத்தொன்றையும் வரிசையாகக் கேட்பேன். உச்சரிப்பைப் பற்றி முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். குறை இருந்தால், கேட்ட பிறகு சொல்கிறேன்.

உன் மச்சாள்,
யோகேஸ்வரி