மருந்து கேட்கப் போன மேடை

ஜூன் 9
மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுத்தேன். என் புருஷன் சந்தோஷ்குமாரைப் பாம்பு கடித்த வரப்பைத் தாண்டும்போது இன்னமும் கால் கூசுகிறது. மகள் பூங்குழலி தூளியில் தூங்கிவிட்டாள்.

ஜூன் 14
விவசாயிகள் சங்கத்து சின்னக்கண்ணு அண்ணன் வந்தார். எங்கள் சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து வைக்கச் சொல்லி வியாழக்கிழமை போராட்டமாம்; அதிகாரி வருகிறாராம். நானே பேசுகிறேன் என்றேன். அவரைக் கொண்டுபோன அன்று அங்கே மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. மருந்தில்லை என்று கீழே அனுப்பினார்கள். பாதி மலை இறங்குவதற்குள் என் புருஷன் உயிர் போய்விட்டது. இதைச் சொன்னால் போதாதா?

"ஃபிரிட்ஜுன்னா எவன் கேப்பான் கண்ணு? நீ புள்ளயத் தூக்கிட்டு வந்து நில்லு. அழுகை வந்தா அடக்காத."

நல்ல மனுஷன்தான். ஆனாலும் —

ஜூன் 18
அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அழாமல் சொல்ல வந்தது.

ஜூன் 19
மேடையேறி, "எங்க ஊட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தேன். சின்னக்கண்ணு அண்ணன் என் புருஷன் போட்டோவைப் பூங்குழலியிடம் நீட்டினார். "அப்பா" என்று முத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான், ஒடஞ்சு போயிட்டேன். கூட்டமே கதறியது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணுக்கு ஒடனே ஒரு வேலை" என்றார். சுகாதார நிலையத்திலேயே, கூட்டிப் பெருக்க. ஒரே கைதட்டல்.

"ஜெயிச்சுட்டோம் கண்ணு" என்றார் அண்ணன்.

கூட்டம் கலைஞ்சிருச்சு. மருந்த யாருமே கேக்கல. நானுந்தான் கேக்கல.

ஜூலை 7
வேலையில் சேர்ந்தேன். ஃபிரிட்ஜ் ஓடாமல் மூலையில் நிற்கிறது. தூசி துடைத்தேன்.

ஜூலை 21
டாக்டரம்மாவிடம் பாம்புக்கடி மருந்தைப் பற்றிக் கேட்டேன். மேலே எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அண்ணனிடம் போனேன். "ஒருக்கா அழுதா எரங்குவாங்க சாமி. மறுக்கா போனா, வேலைதான் குடுத்தாச்சே, இன்னும் என்னம்பாங்க" என்றார்.

ஆகஸ்ட் 12
காலையில் குழந்தைசாமி தன் சம்சாரம் பாப்பாயியைப் பக்கத்துக்காட்டுக்காரர் ஓட்டிய பைக்கில் அணைத்துப் பிடித்துக் கொண்டுவந்தார். மிளகுக் கொடியடியில் விரியன். கேட்டைத் திறந்துவிட்டது நான். மருந்தில்லை. ஆம்புலன்ஸ் கீழே போய்ச் சேர்வதற்கு முன்பே சேதி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14
துக்கத்துக்குப் போனேன். குழந்தைசாமி கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஏனுங்க, அன்னிக்கு மேடையேறுனீங்களே. என்னங்க கேட்டீங்க?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்றுவார். அடக்கிக்கொண்டு, "ஒண்ணும் கேக்கலீங்க" என்றேன்.