குடல் எழுந்த காலை

புதினா மணம் இன்னும் என் வாயில் இருக்கிறது. சூயிங்கம். சிரிக்காதே.

நான் படித்த கான்வென்ட்டில் அதற்குத் தடை. பிறகு நாம் இருவரும் மருந்தியல் ஆய்வகத்தில் பாடம் நடத்திய காலத்தில், அதை மென்ற மாணவர்களை நானே வெளியே நிற்கவைத்தேன். "மகாராணி கோர்ட்டு கூடிடுச்சு" என்று பின்னாலிருந்து நீ முணுமுணுப்பாய். நீ உயிரோடு இருந்திருந்தால் இன்று ஊருக்கே சொல்லியிருப்பாய்.

போன வாரம் என் குடல் முறுக்கிக்கொண்டது. செங்கம் சாலைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து சரிசெய்தார்கள். அதன் பிறகு குடல் அசையவே இல்லை. என் பேரன் வயதுள்ள டாக்டர் தினமும் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். பிறகு வார்டு முழுவதற்கும் கேட்கும்படி ஒரே கேள்வி:

"காத்து பிரிஞ்சுதா பாட்டி?"

"இல்லை."

"கூச்சப்படாதீங்க. இப்படியே கெடந்தா திரும்பத் திறந்து பாக்கவேண்டி வரும்."

இந்த வயதில் இன்னொரு முறை மயக்க மருந்து. அதிலிருந்து எழுவேனா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்றுக் காலை நர்ஸ் என் கையில் சூயிங்கத்தை வைத்தாள்.

"சும்மா மெல்லுங்கம்மா. சோறு வருதுன்னு குடல் ஏமாந்து எழுந்துக்கும்."

"அதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல."

"பழகிக்கோங்க. கத்தி வைக்கிறதுக்கு இது தேவலாம்."

உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தபோதுதான் நீ நினைவுக்கு வந்தாய்.

நம் ஆய்வகத்தில், கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்புக் கரைசல், அதில் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டு. நிகோடின் விட்டால் துண்டு சுருங்கும். நூலில் கட்டிய முள், சுழலும் தாளில் ஒரு கோட்டை மேலே இழுக்கும். ஒருநாள் ஒரு மாணவி அதைக் கழுவி, ஹெக்ஸாமெத்தோனியம் என்ற தடுப்பு மருந்தை விட்டு, மறுபடி நிகோடின் விட்டாள். கோடு எழவில்லை.

"செத்துப்போச்சு மேடம். வேற துண்டு குடுங்க."

வேறு துண்டு என்றால் வேறு உயிர். நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதற்குள் நீ குழாயில் அசிட்டைல்கோலின் விட்டாய். முள் துள்ளியது.

"ஒருத்தன் கூப்ட்டு வரலன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? வேற ஆளை விட்டுக் கூப்புடு."

அதன் பிறகு நான் முறையாக விளக்கினேன். நிகோடின் தசையை நேராக இழுப்பதில்லை. குடல் சுவரிலுள்ள நரம்பு முடிச்சுகளைத் தட்டுகிறது. அந்த நரம்புகள் விடும் அசிட்டைல்கோலின்தான் தசையைச் சுருக்குகிறது. ஹெக்ஸாமெத்தோனியம் சாத்தியது முடிச்சின் கதவை மட்டும்; தசையின் பலம் எங்கும் போகவில்லை. அட்ரோபின் என்ற இன்னொரு தடுப்பு மருந்தை விட்டால் தசையே அசிட்டைல்கோலினுக்குச் செவிகொடுக்காது. அப்போதும் ஹிஸ்டமின் என்ற வேறொன்று கூப்பிட்டால் எழும். நீ கொட்டாவி விட்டாய்.

என் கணவர் போனபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. துக்கம் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் மெல்லிய குரலில் பேசிவிட்டுப் போனார்கள். நீ கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸேறி வந்து, நான் வைத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாது இது, கழனித்தண்ணியா?" என்றாய்.

"புடிக்கலன்னா கீழ வை. உங்க ஊர்ல காபியக் கண்டீங்களா?"

அவர் போன பிறகு நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நீ முழு டம்ளரையும் குடித்தாய்.

உறையைப் பிரித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, உதட்டை மூடி, கான்வென்ட்டில் வளர்ந்தவள் எப்படி மெல்லவேண்டுமோ அப்படி மென்றேன். நேற்று முழுவதும் ஒன்றுமில்லை. இன்று காலை ஜன்னல் வழியே மலை வெளுத்துவரும் நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பிறகு நடந்ததை நான் எழுதமாட்டேன். நர்ஸ் நடைவழியில் கத்தியதை எழுதலாம்:

"அஞ்சாம் நம்பர் அம்மாவுக்குக் காத்து போச்சு!"

யாரோ கைதட்டினார்கள். சிரித்தேன், தையல் வலித்தது, மறுபடியும் சிரித்தேன். டாக்டர் வந்து, திறக்கவேண்டியதில்லை, கஞ்சி குடிக்கலாம் என்றார்.

முதல் அழைப்புக்கு வராததை முடிந்தது என்று நான் எழுதுவதில்லை. என் புத்தகங்கள் எதிலும் இல்லாத இந்த வழக்கம் உன்னுடையது, என்னோடு இருக்கிறது.

இதை எழுதும்போதே வயிறு பெரிதாக இரைகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.