பாதியில் நிற்காத கால்

அக்கா,

இதை உன் தையல் கடைக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

கால் சுளுக்கியதால் கராத்தே வகுப்பில் உட்கார்ந்தே பயிற்சி. "கண்ண மூடு. எந்த இடம், எதிர்ல யாரு, எல்லாம் மனசுல வரட்டும். அப்புறம் அடி" என்கிறார் மாஸ்டர். "தூங்குறதுக்கு நல்ல சாக்குடி" என்று வீடியோ அழைப்பில் சிரித்தாய். உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாய்.

எனக்கு வருவது உன் சமையலறைதான். அத்தான் கையை ஓங்குகிறார். நான் உதைக்கக் காலைத் தூக்குகிறேன். "அவர விட்டுடுடி" என்று நீ குறுக்கே ஓடிவருகிறாய். தூக்கிய காலைப் பாதியில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. இன்றும் விழுந்தது நீதான். கண் திறந்தபோது சட்டையெல்லாம் வேர்வை.

கால் ஆறிவிட்டது, நாளை முதல் நின்றே பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைத்துப்போக வருகிறேன். வாசலில் கூப்பிட்டதும் நீயே வெளியே வந்துவிடு. என்னை உள்ளே வரவைத்துவிடாதே.

உன் தங்கச்சி