பத்துக்குப் பத்து காது

உப்பளம், புதுச்சேரி
2-11-2025

பேரன்புக்கும் பெருந்தொல்லைக்கும் உரிய சங்கரி அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மூன்று ஆண்டுகளாக இரவு பகல் பாராமல் சொட்டிக்கொண்டிருந்த நம் வீட்டுக் குளியலறைக் குழாய், நேற்று காலை ஏழே முக்கால் மணிக்குப் பணி ஓய்வு பெற்றது. ஓய்வளித்தவர்: பொறியாளர் கோபிநாத், பதினோராம் வகுப்பு, கையில் ஸ்பேனருடன். குழாயின் சேவையைப் பாராட்டி ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. கலந்துகொண்டவர்கள்: நான்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டபுள் டியூட்டி. அப்பா படகில் போய் நாலு நாள். அதனால் கூட்டம் குறைவு.

உன் கடிதம் கிடைத்தது. நீட் கோச்சிங் விடுதி என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். நீ எழுதுவதைப் பார்த்தால் நாமக்கல் பக்கம் ஜெயிலுக்கு ஒரு கிளை திறந்த மாதிரி இருக்கிறது. போன் கூடாது. வாரம் ஐந்து நிமிடம் ஆபீஸ் போன். அதையும் அம்மாவின் அழுகையே தின்றுவிடுகிறது. ஞாயிறு மாலை ஐந்து முதல் ஆறு வரை மட்டும் பாட்டு கேட்கலாம், ஆனால் சிம், கேமரா, நெட் எதுவும் இல்லாத பிளேயராக இருக்க வேண்டும். 'மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும், சத்தம் நல்லா இருக்கணும்டா' என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாய்.

சரியான ஆளிடம் வந்தாய். பத்து நாளாக இதே ஆராய்ச்சி. பதினாறு பிட், இருபத்துநாலு பிட் என்று பேசுகிறார்கள். பிட் என்றால் பரீட்சைக்குக் கொண்டு போவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இருபத்துநாலு பிட் கையில் வைத்துக்கொண்டு வெளிப்படையாக விளம்பரம் வேறு செய்கிறார்கள், யாரும் பிடிக்கவில்லை.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு பேர். கறுப்பு: உலோக உடம்பு, அம்மா போனில் ஆர்டர் போட்டது, அடுத்த வாரம் வரும், வந்து பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். நெட்டில் எல்லாரும் இதைத்தான் புகழ்கிறார்கள். நீலம்: சண்டே மார்க்கெட் பிளாட்பாரத்தில் எடுத்தது, பிளாஸ்டிக், திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த அண்ணனே அங்கே இருப்பாரோ என்னவோ.

இரண்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எது பாடுகிறது என்று தெரியாமல் சொன்னால் காது பேசுகிறது. தெரிந்து சொன்னால் விலை பேசுகிறது. சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், கூடுதலாக இருப்பது நல்லதாகத் தோன்றிவிடும். (அம்மா சண்டையில் ஜெயிப்பது இப்படித்தான்.) மாற்றி மாற்றிச் செருக இன்னொரு ஆள் வேண்டும். என் வகுப்பு ராஜ்கமலும் ஆகாஷும் நான் நீ என்று நிற்கிறார்கள். ஆளுக்கா பஞ்சம்?

இப்படிக்கு,
டாக்டர் ஆகப்போகிறவளின் காது டாக்டர்,
கோபி

*

விடுதி
8-11-2025

டேய் கோபி,

குழாய்க்கு நான் இரங்கல் தெரிவித்ததாகச் சொல். வார்டன் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, 'யாரும்மா இது, பேப்பர்ல வேலை செய்றாரா?' என்று கேட்டார். தம்பி என்று சொல்லவே வெட்கமாக இருந்தது.

சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? ஒரு மாடியில் நாற்பது பேர். நாற்பது பேரும் வாய்விட்டுப் படிக்கிறார்கள். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று ஒருத்தி கத்தும்போது என் இதயத்துக்கு எத்தனை என்று எனக்கே மறந்துபோகிறது. பக்கத்துக் கட்டில்காரி தந்த பிளேயரில் போன வாரம் பாட்டு கேட்டேன். கொசு பாடுகிற மாதிரி இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான்டா எனக்கு. அதிலும் கொசு வேண்டாம்.

நாம் ஒரே இயர்போனைப் பிரித்து, உனக்கு இடது, எனக்கு வலது என்று படுத்துக் கேட்போமே, அது ஞாபகம் வந்தது. அதிகம் எழுதினால் அழுதுவிடுவேன், வார்டன் படிப்பார்.

சில நாள் பையைக் கட்டிவிடலாமா என்றுகூட இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே. போன வருஷம் பதினெட்டு மார்க்கில் போனது, இந்த வருஷமும் போனால் என்ன செய்வேன்?

நீ தனியாகவா சாப்பிடுகிறாய்? என் கட்டிலில் யார் படுக்கிறார்கள்?

சங்கரி

*

உப்பளம்
16-11-2025

கொசுக்கடிக்கு ஆளான அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. நம் வீட்டுக் கூடம் நேற்று நீதிமன்றமானது. என் கண்ணில் அப்பாவின் துண்டு. மாற்றிச் செருகியவன் ராஜ்கமல். குறித்தவன் ஆகாஷ். பத்து முறை கேட்டேன், பத்து முறையும் எது கறுப்பு, எது நீலம் என்று சரியாகச் சொன்னேன். பத்துக்குப் பத்து!

'இன்னாடா இது, காதா, ரேடாரா?' என்றான் ராஜ்கமல். 'இவன் காதை அறுத்துக் கண்காட்சியில வைக்கணும்டா' என்றான் ஆகாஷ். அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

வென்றது நீலம். ஆமாம், பிளாட்பாரத்து நீலம்தான். ஏன் என்று என் காதுக்குத் தெரியும், உனக்கு விளக்கினால் புரியாது. கறுப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உனக்குப் பிடித்த நூற்றுப்பத்து பாட்டு ஏற்றியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அம்மா உன்னைப் பார்க்க வரும்போது எடுத்துவரும். எனக்கு அன்று அரையிறுதி மேட்ச், நான் இல்லாமல் அணி படுத்துவிடும். வர முடியாது.

தனியாகச் சாப்பிடுவதா? தினம் பந்தி. உன் கட்டிலை என்றைக்கோ பிடித்தாகிவிட்டது. வரும்போது பாய் கொண்டு வா. நீ கவலைப்படாமல் படி. இங்கே உன்னைத் தேட யாருக்கும் நேரமில்லை.

இப்படிக்கு,
தங்கக் காதன்

*

விடுதி
30-11-2025

கோபி,

பிளேயர் வந்தது. வார்டன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதுல பாட்டைத் தவிர ஒண்ணும் இல்லியே, பாவம்' என்று கொடுத்துவிட்டார்.

சத்தம் நன்றாக இருக்கிறதுடா. உண்மையாகவே. கொசு போய்விட்டது. போன ஞாயிறு அம்மா கிளம்பிய பிறகு ஒரு மணி நேரமும் கேட்டேன், நாற்பது பேரும் மறந்துபோனார்கள். உன் காதை இனிமேல் கிண்டல் செய்ய மாட்டேன்.

அதில் இயர்போன் செருக இரண்டு ஓட்டை இருக்கிறதே, பார்த்தாயா? மறுபக்கக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். நம் ஊர் உழவர்கரைதான். வந்ததிலிருந்து அழுகை. இன்று இரண்டாவது ஓட்டையில் அவள் இயர்போனைச் செருகிக் கொடுத்தேன். ஆறு மணிக்குச் சிரித்தாள். பெயர் வினோதா. ராஜ்கமலின் அக்கா.

இப்போது சொல். தீபாவளி முடிந்த வாரம், மழைக்கு லீவு என்று அரசு அறிவிப்பு மாதிரியே ஒன்று செய்து வகுப்பு குரூப்பில் போட்டாயாமே? பாதி வகுப்பு வீட்டில் இருந்துவிட்டதாம். அன்றைக்கு பிராக்டிகல் தேர்வாமே? எல்லாருடைய அப்பா அம்மாவையும் வரவழைத்தார்களாமே? அதிலிருந்து ராஜ்கமல் மட்டுமில்லை, ஒருத்தரும் உன்னோடு பேசுவதில்லை என்கிறாள். அப்படியென்றால் துண்டைக் கட்டியது யார்? செருகியது யார்? மேட்ச் எங்கே நடந்தது?

அம்மாவிடம் என் கட்டிலைக் கேட்டேன். 'நீ போட்டுட்டுப் போன போர்வையே மடிக்காம அப்படியே கெடக்குது, தொட விடமாட்றான்' என்றது.

பொய் எழுதாதே. நீ வா என்று ஒரு வார்த்தை எழுது, நான் கிளம்பிவிடுகிறேன். பை கட்ட அரை மணி நேரம் போதும். எனக்கும் அந்தச் சாக்கு வேண்டியிருக்கிறது.

அக்கா

*

உப்பளம்
7-12-2025

அக்கா,

இன்றைக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. அறிவிப்பு போட்டுத்தான் இந்தக் கதி.

வினோதா அக்கா சொன்னது உண்மை. எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ராஜ்கமலின் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து வகுப்பு வாசலில் கைகட்டி நின்றார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. ராஜ்கமலிடம் மன்னிப்பு கேட்கப் போனேன். 'இதுவும் உன் அறிவிப்பாடா?' என்றான். மறுபடி போவேன்.

மேட்ச் இல்லை. உன் விடுதி வாசலில் அழுதுவிடுவேன் என்று பயந்து வரவில்லை.

சோதனை நடந்தது உண்மை. நீதிமன்றத்தில் நான் மட்டும். இரண்டு பிளேயரையும் அப்பாவின் சாக்ஸில் போட்டு, தலையணை உறைக்குள் குலுக்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டேன். பத்துக்குப் பத்து வந்ததும் உண்மை. கறுப்பு கனம், நீலம் லேசு. என் கைக்குத் தெரிந்துவிட்டது அக்கா, காதுக்கில்லை. அதற்குத்தான் இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார்கள். பிறகு இரண்டையும் அலமாரிக்குள் வைத்து, ஒயரை மட்டும் வெளியே விட்டு, கலைத்துக் கலைத்துக் கேட்டேன். பத்துக்கு ஐந்து. காசைச் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும்.

உன்னுடைய ஒரு மணி நேரத்தை வைத்துச் சூதாடிவிட்டேன். நீ சத்தம் நன்றாக இருக்கிறது என்று எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீலத்தை எடுத்தது அந்த இரண்டு ஓட்டைக்காக. நமக்கு இதுவரை ஒரு முழுப் பாட்டு கிடைத்ததே இல்லை, ஆளுக்குப் பாதிதான். பொங்கலுக்கு நீ மூன்று நாள் வருவாயே, ஆளுக்கு ஒரு முழுப் பாட்டு கேட்கலாம் என்று. இப்போது அதில் வினோதா அக்கா இருக்கிறார்கள். இருக்கட்டும். பொங்கலுக்கு மட்டும் காலி செய்யச் சொல்.

வா என்று எழுத மாட்டேன். நீ வந்துவிட்டால் எனக்கு ரொம்ப நன்றாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வராதே. பதினெட்டு மார்க்கைப் பிடித்துவிட்டு வா.

இன்னும் ஒன்று பாக்கி. குழாயைச் சரி செய்தது நான் இல்லை. அப்பா கடலுக்குப் போகும் முன் வாஷர் மாற்றிவிட்டுப் போனார். அதைக் கழற்றியவன்தான் நான், மூன்றாம் நாளே. வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்தது. இப்போது பழையபடி சொட்டுகிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

கோபி