சத்தம் போகட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறத் தொடங்கியிருக்கிறாள். நானும் சுகம்தான். உனக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கிடுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் காகிதம்.

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இது ராக்கா தாலாட்டா என்று கேட்டிருக்கிறாய். முதல் ஆல்பத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம், இதில் டீ ஆறுவதற்குள் தூக்கம் வருகிறதாம். இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தது நீ, அதனால் அட்டையிலிருந்து அதை எடுத்துவிட வேண்டுமாம்.

எடுக்க மாட்டேன். வேலை கிடைத்துப் போனாய், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போகிறவன் வீட்டை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போக முடியாது. உள்ளே நாங்கள் இருக்கிறோம்.

நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். டிரம்ஸ் வாசிக்கிற நம் இடியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ போன மறு வருடம், வெல்டிங் பட்டறைக்கு மேலே அதே அறையில் புதுப் பாட்டுகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். இடி நடுவில் நிறுத்தி, "யாரோ குழாயத் திறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க, மூடுங்களேன்" என்றான். அந்த அறையில் குழாயே கிடையாது என்பது உனக்குத் தெரியும். பேஸ் கிட்டார் வாசிக்கிற நெட்டை விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றாவது நாளும் இடி அதையே கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

காது டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லி கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் இயந்திரத்தில் விளக்கு மாறி மாறி எரிகிறது. உள்ளே அவன் கட்டைவிரல் அசையவே இல்லை. "இப்படியே அடிச்சிட்டிருந்தா, ரெண்டு வருஷத்துல உங்க பொண்ணு கூப்பிடுறது கேக்காது" என்றார் டாக்டர் அவனிடம்.

மறுநாள் காலை குச்சிப் பையை என்னிடம் நீட்டி, "வேற ஆளப் பாத்துக்குங்கக்கா" என்றான். நான் அதிகம் யோசிக்கவில்லை. "நீ போக வேணாம். சத்தம் போகட்டும்" என்றேன்.

சொல்வது சுலபம். பதினொரு பாட்டும் கத்துவதற்கென்றே எழுதியவை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டோம். நெட்டை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இடி குச்சியை விட்டுக் கம்பி பிரஷ்ஷுக்கு மாறினான். பல இடங்களில் வெறும் கைதான். ஆறு வருடம் உன் கிட்டாருக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தியே பாடியவள் நான். கத்தாமல் பாடினால் என் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. முதல் நாள், குளியலறையில் பாடுவதை யாரோ ஒட்டுக்கேட்ட மாதிரி கூசியது.

ஆல்பம் போடும் கம்பெனியின் மேனேஜர் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, ரசிகர்கள் தாங்க மாட்டார்கள், பழையபடி செய்யுங்கள் என்றார். நெட்டை வாய்தவறிக் காது விஷயத்தை உளறியதும் ஆள் மாறிவிட்டார். "இத மேடையில சொல்லுங்க, ஜனங்க உருகிடுவாங்க" என்றார். இடி எழுந்து நின்று, "என் காது உங்க போஸ்டர் இல்ல" என்றான். நானும் சொன்னேன்: இடிக்காகத்தான் தொடங்கினோம், ஆனால் நாலாவது பாட்டுக்கு வருவதற்குள் எங்களுக்கே பிடித்துப்போய்விட்டது, இதற்கு யாரும் இரக்கப்பட வேண்டாம் என்று.

போன மாதம் அரங்கேற்றினோம். அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாவது பாட்டிலேயே பின்வரிசையிலிருந்து சவுண்டை ஏத்து என்று கத்தினார்கள். பிறகு உன் பழைய பாட்டு வேண்டும் என்று காலால் தரையை உதைத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்று மேனேஜர் அதையாவது வாசியுங்கள் என்று சைகை காட்டினார். நான் மைக்கில், "இன்னிக்கு இதுதான். பிடிக்காதவங்க தாராளமாப் போகலாம், கோவிச்சுக்க மாட்டோம்" என்றேன். போனார்கள். கதவு திறப்பதும் மூடுவதும் பாட்டு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தது. பதினொன்றையும் வரிசையாக வாசித்தோம், ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிப் பாட்டின்போது எண்பது பேர் இருந்திருப்பார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

இறங்கி வந்ததும் இடி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஜனங்க இருமுறது கேட்டுச்சு. இத்தன வருஷத்துல மொத தடவ" என்றான்.

கம்பெனி எங்களை விட்டுவிட்டது. அடுத்ததை நாங்களே வெளியிடுகிறோம், அதே பெயரில். இன்னும் கொஞ்சம் சன்னமாக.

சண்டை இத்தோடு போதும். உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் பலமுறை படித்தேன். ஆறாவது பாட்டு ஒரு நிமிடம் வெறுமையாக ஓடுகிறது, பதிவு செய்யும்போது தூங்கிவிட்டீர்களா என்று கிண்டல் செய்திருக்கிறாய். தம்பி, அது வெறுமை இல்லை. அந்த ஒரு நிமிடமும் இடி சிம்பல் தட்டின் விளிம்பை நகத்தால் தட்டிக்கொண்டிருக்கிறான். சில்லறை மழை மாதிரி இருக்கும். அவனுக்கே அது சரியாகக் கேட்காது, விரலில் உணர்ந்துதான் வாசிக்கிறான். அம்மாவுக்குக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கிறது. உன் கடிதத்தைப் பார்த்ததும் இடிதான் முதலில் புரிந்துகொண்டான். பிறகு அந்த டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தான். இத்துடன் வைத்திருக்கிறேன்.

அங்கேயும் நல்ல டாக்டர்கள் இருப்பார்கள். தள்ளிப் போடாதே. இந்த வாரமே போ. போய்விட்டு வந்து, பாட்டு மோசம் என்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டி எழுது. நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

உனக்கு எல்லாம் கேட்க வேண்டும், கண்ணா.

உன்னோடு சண்டை போடுவதை விடாத,
அக்கா