ஏரிக்கரைப் பலகை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும், மகளும் மருமகனும், பேத்திக் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இது என் கணவர், உங்கள் நண்பர், எழுதச் சொல்லி எழுதும் கடிதம் இல்லை. நான் எழுதுவதே அவருக்குத் தெரியாது. தையல் கடையில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். துணி வெட்டும் மேசையில் வைத்து எழுதுகிறேன். போன் செய்தால் எங்கள் எண்ணைப் பார்த்ததும் எடுக்க மாட்டீர்கள். உங்கள் பழைய வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் முகவரி வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணியிடம் சொல்லுங்கள், அவர் என்னிடம் விட்டுப்போன பெரிய வாணலி பத்திரமாக இருக்கிறது. எங்கள் வீட்டு அடுப்பில் அது உட்காரவே மாட்டேன் என்கிறது. உங்கள் மீன் வறுவல் கடை இருந்த இடத்தில் இப்போது பைக்குகளை நிறுத்துகிறார்கள். இந்த ஏரி மீனைச் சாப்பிடாதீர்கள் என்று கரையில் பலகை நட்டதோடு சரி. அதன் கீழேயே உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். அதன் மேல் யாரோ துணி காயப்போடுகிறார்கள்.

அந்தப் பலகை விஷயத்தில் உங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குள் நடந்தது தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊரிலுள்ள ஏரி, குளம், கால்வாய் எல்லாவற்றின் மீனையும் சோதிக்க வேண்டும் என்று இவருடைய சுகாதார அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. வலைக்காரர்களிடம் வாங்கிவரச் சொன்னார்களாம். இவர்தான், எதற்கு அலைய வேண்டும், என் சிநேகிதன் கடை இருக்கிறதே என்று உங்கள் கூடையிலிருந்தே எடுத்துப் போனார். நீங்களே கொழுத்ததாகப் பொறுக்கிக் கொடுத்தீர்கள். "எடுத்துட்டுப் போடா ஆபீசர், என் மீனுக்கு மெடலே குடுப்பாங்க" என்று நீங்கள் சிரித்ததை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முடிவு வந்ததும் இவர் நம்பவில்லை. இயந்திரம் கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடியும் சோதித்தார். அப்படியேதான் வந்தது. மீனில் ஈயம். வடக்குக் கரையில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகள் இருந்தன அல்லவா, அந்தக் கழிவெல்லாம் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குள்தான் போயிருக்கிறது. தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. மீனை முகர்ந்தாலும் தெரியாது. பொரித்தாலும் போகாது. பலகை வைக்கிற வரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

சொல்லக் கூடாது என்றால் சொல்லாமல் இருக்கிற ஆளா இவர்? பலகை வைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கடைக்கு வந்தார். அன்றைக்கு உங்களுக்கு நல்ல கூட்டமாம். அண்ணி ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தாராம். இவரைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் ஒதுக்கி, கேட்காமலேயே ஒரு தட்டு மீனைக் கொண்டுவந்து வைத்தீர்களாம். இவருக்கு வாய் வரவில்லை. தட்டைத் தள்ளவும் முடியவில்லை. முள்ளோடு மென்று, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் பலகையைப் பார்த்துவிட்டு நீங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றது இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் வந்திருந்தீர்கள். "நேத்து என் கையால வாங்கித் தின்னியே, அப்பவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். இவர் தெரியும் என்றார். திரும்பிப் படி இறங்கிப் போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் எல்லோரிடமும் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. விஷம் என்று தெரிந்தால் எவனாவது தின்பானா, அவனே தின்றான் என்றால் மீனில் ஒன்றுமில்லை, கரையில் நடைபாதை போட என் கடையைத் தூக்கத்தான் இந்தப் பலகை நாடகம் என்று. அண்ணா, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இவர் அந்தத் தட்டைத் தொடாமல் எழுந்து வந்திருந்தால் நீங்கள் அன்றைக்கே சண்டை போட்டிருப்பீர்கள். ஆனால் நம்பியிருப்பீர்கள்.

இன்னும் கேளுங்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் தூண்டில் இல்லாமல் ஏரிக்கரைக்குப் போகிறார். மீன் பிடிப்பவர்களிடம் போய், வேண்டாம் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிப் பார்க்கிறார். "நீங்களே தட்டு நிறைய தின்னீங்களாமே சார்" என்று அவர்கள் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நடுவில் இவருக்கு அடிக்கடி வயிற்றைப் பிடித்து இழுத்தது. சோர்வு வேறு. ரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். முடிவுக்காகக் காத்திருந்தபோது, அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் அந்தத் தட்டு மீனை ஏன் சாப்பிட்டார் என்று முதல் தடவையாக என்னிடம் சொன்னார். "அவன் முகத்தப் பாத்து வேணாம்னு சொல்ல முடியலடி" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, அண்ணா. இருக்க வேண்டிய அளவைவிட நன்றாகவே கூடுதல். என்னையும் சோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது, கொஞ்சம் குறைவு. இத்தனை வருஷமாகச் சாப்பிட்டது ஒரு தட்டா இரண்டு தட்டா? நிறுத்திவிட்டால் மெல்ல மெல்ல இறங்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். இதே மீனை வழக்கமாகச் சாப்பிட்டவர்கள் வேறு யார், அதில் சின்னக் குழந்தை உண்டா என்று. பெரியவர்கள் தாங்கிக்கொள்கிற அளவுகூடக் குழந்தைகளுக்கு அதிகமாம். வளர்ச்சி, கவனம், பேச்சு எல்லாவற்றையும் பாதிக்குமாம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மகள் வேலைக்குப் போன நாட்களில் குட்டி உங்கள் கடை பெஞ்சில்தானே வளர்ந்தாள். அண்ணி முள்ளெடுத்து, பிசைந்து ஊட்டுவார். நானே எத்தனை முறை மடியில் வைத்து ஊட்டியிருக்கிறேன். நீங்கள் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போகும்போதும் அவள் "அம்மா", "தாத்தா" தவிர வேறு பேசவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் தாமதமாகத்தான் பேசுவோம் என்று சொல்வீர்கள். அப்படியே இருக்கலாம். அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டுகிறேன். ஆனால் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா.

இவர் உங்களுக்கு எழுத உட்காருவார். எழுதிய தாளைக் கசக்கிப் போடுவார். "நான் சொன்னால் என் பேச்சை நியாயப்படுத்தத்தான் சொல்கிறேன் என்று நினைப்பான், வீம்புக்கே சோதிக்கப் போக மாட்டான்" என்கிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எங்களை நம்ப வேண்டாம் அண்ணா. மன்னிக்கவும் வேண்டாம். உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்த ஒரு டாக்டரிடம் போங்கள். பல வருஷமாக ஊர் ஏரி மீன் சாப்பிட்டோம், ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் பெயரையே எடுக்க வேண்டாம். குட்டியை முதலில் காட்டுங்கள். பிறகு மகளையும் அண்ணியையும். கடைசியாக நீங்கள். உங்கள் விரல் மரத்துப்போகிறது என்று சொல்வீர்களே, அதையும் சொல்லுங்கள்.

ஒன்றுமில்லை என்று வந்தால், அன்றைக்கே போன் போட்டு எங்கள் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. வேறு மாதிரி வந்தாலும் சொல்லுங்கள். நாங்கள் கிளம்பி வருகிறோம். வாசலோடு நிறுத்தினாலும் பரவாயில்லை, நிற்கிறோம்.

குட்டி வாய் ஓயாமல் பேசட்டும். கேள்வி மேல் கேள்வி கேட்டு, தாத்தாவை ஒரு நிமிஷம்கூடச் சும்மா உட்காரவிடாமல் பாடாய்ப்படுத்தட்டும்.

என்றும் உங்கள்
தங்கை