வண்டி யாருக்குப் போகக் கூடாது

செப். 8, திங்கள்

வெயில். மத்தியானம் மேகம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. கடையில் புண்ணாக்கு இறக்கியாயிற்று. பருத்திக்கொட்டை நாளை வரும் என்கிறார்கள், வராது.

முழங்கால் வலி. பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட் போய் ரொம்ப நாளாகிறது, உதைத்துக் கிளப்ப முடியவில்லை. டாக்டர் பழைய பாட்டு: பைக்கை விட்டுவிட்டு ஸ்கூட்டருக்கு மாறுங்கள். சரி, தள்ளிவிடுவோம். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போடுவதா, நாமே வெளியில் விற்பதா? வெளியில்தான் நாலு காசு கூடக் கிடைக்கும். வீட்டில் இவளிடம் கேட்டது என் தப்பு.

"ஒங்க தம்பி மொபெட்டு ரிப்பேராகி நடந்து அலையுதாவ. அவியளுக்கே குடுத்தா என்ன?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

தம்பி செல்லத்துரை. இனி செ. என்றுதான் எழுதுவேன், முழுப்பேருக்கு மை செலவழிக்க மனசில்லை. தன் மகள் காதுகுத்துப் பத்திரிகையில் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரையும் மேலே போட்டு, கூடப்பிறந்த என் பெயரை அடியில் போட்டவன். தாய்மாமன் முறைதானே முதலில் என்று ஊரே நியாயம் பேசியது. ஒரு தாய்மாமன் போதாதா? கேட்டதற்கு அச்சாபீஸ்காரன் தப்பு என்றான். அச்சாபீஸ்காரனுக்கும் எனக்கும் என்ன பகை? மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

செப். 10, புதன்

வண்டியைக் கழுவி, போட்டோ எடுத்து, நெட்டில் விளம்பரம். சிங்கிள் ஓனர். நல்ல கண்டிஷன். செல்ஃப் பற்றி எழுதவில்லை, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

வந்தவர்கள்:

எட்டயபுரத்துக்காரன். போனிலேயே "லாஸ்ட் என்ன?" வண்டியைப் பார்க்கவே இல்லை. வைத்துவிட்டேன்.

மில்லில் வேலை பார்க்கிறவன், கூடவே ஒரு மெக்கானிக். மெக்கானிக் குனிந்து சைலன்சரை மோந்து பார்த்தான். நாய்கூட அவ்வளவு நேரம் மோந்து பார்க்காது. "பொகை அடிக்கும் அண்ணாச்சி." நீயும்தான் பீடி அடிக்கிறாய் என்று வாய்வரை வந்தது.

மூன்றாவது ஆள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனான். ஆளைக் காணோம். போலீசுக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது வருகிறான், பின்னால் ஒரு மூட்டை வெங்காயம். என் பெட்ரோலில் மார்க்கெட் போய் வந்திருக்கிறான். வண்டி வேண்டாமாம்.

பருத்திக்கொட்டை வரவில்லை.

செப். 13, சனி

கயத்தாறிலிருந்து ஒருத்தர். வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. செல்ஃப் வேலை செய்யாது என்று நானே சொன்னேன். பரவாயில்லை என்றார். பேரமே பேசவில்லை, கேட்ட விலைக்குச் சரி. அந்த மூன்று பேரையும் பார்த்த கண்ணுக்கு இவர் தெய்வமாகத் தெரிந்தார். டீயும் சேவும் வாங்கிக் கொடுத்தேன். நாளை பணத்தோடு வருகிறார்.

செப். 14, ஞாயிறு

வந்தார். பணத்தை எடுத்து வைக்கும்போது, ஆர்.சி. யார் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று சும்மா கேட்டேன். மனுஷன் திருதிருவென்று முழிக்கிறார்.

"செல்லத்துரை பேருக்குத்தான் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணுவிட்ட சகலபாடி மொற. அவிய நேரா கேட்டா நீங்க தரமாட்டியன்னுதான் நான் வந்தேன்."

பணத்தை அவர் மடியிலேயே திணித்து, பஸ் ஸ்டாப் இருக்கும் திசையைக் காட்டினேன். உள்ளேயிருந்து இவள்: "வீடு தேடி வந்தவியகிட்ட இப்படியா பேசுவாவ?"

"ஏட்டி, ஒனக்கு முன்னமே தெரியுமா?"

உள்ளே பாத்திரம் உருண்டது. தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராகக் கூட்டு. நேற்று கொடுத்த டீயும் சேவும் நெஞ்சை அறுக்கிறது.

செப். 15, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு நேரே பைபாஸ் ஷோரூம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள், செருப்புக் காலால் டயரை அமுக்கினாள், அவ்வளவுதான் பரிசோதனை. கயத்தாறுக்காரர் கொண்டுவந்ததில் பாதி சொன்னாள். இவ்வளவுதானா என்றேன்.

"மார்க்கெட் அப்படி சார். எங்ககிட்ட குடுத்துட்டா உங்களுக்குத் தலவலி இல்ல."

"யாருக்கு விப்பீங்க?"

"நாங்க விக்கிறதில்ல சார். புரோக்கர் மொத்தமா எடுத்துட்டுப் போயிருவாங்க. எந்த ஊருக்குப் போகும்னு எங்களுக்கே தெரியாது."

அந்த ஒரு பேச்சுக்காகவே சம்மதித்தேன். எந்த ஊருக்கோ போகட்டும், அஸ்ஸாமுக்குப் போகட்டும். பெயர் மாற்றும் படிவத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து. வாங்குகிறவர் பெயர் எழுதும் இடம் காலி. அதைப்பற்றி நான் ஏன் கேட்கப்போகிறேன்?

பாதி விலை போனதில் வயிறு எரிகிறது. ஆனாலும் செ. அதில் உட்காரப் போவதில்லை. அந்த நினைப்பில் ராத்திரி இரண்டு தோசை கூட.

அக். 1, புதன். ஆயுத பூஜை

ஸ்கூட்டருக்குப் பொட்டு, மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வசதிதான். உதைக்க வேண்டாம், சீட்டுக்கு அடியில் குடை வைக்கலாம். காற்றடித்தால் ஆடுகிறது. கிணற்றுப் பாதையில் போனால் அடி தட்டுகிறது. பைக் நல்ல வண்டி. இதை யாரிடமும் சொல்லவில்லை.

இவள் பின்னால் ஏறி, "இதுதான் சொகமா இருக்கு" என்கிறாள். வெறுப்பேற்றத்தான்.

அக். 7, செவ்வாய்

நல்ல மழை. விதைக்க ஆள் கிடைக்கவில்லை, கடைக்கு வருகிற எல்லார் வாயிலும் அதே பேச்சு.

போனுக்கு ஓ.டி.பி. வந்தது, பழைய வண்டி நம்பர் போட்டு. மோசடி என்று அழித்தேன். மறுபடி வந்தது. ஷோரூமுக்குப் போன் போட்டேன், அதே பெண்.

"வாங்குனவங்க பேரு மாத்துறாங்க சார். ஆர்.சி. இன்னும் உங்க பேருலதான இருக்கு, அதான் உங்க போனுக்கு வருது. அவங்க கேட்டா சொல்லிருங்க."

"யாரு வாங்குனது?"

புரோக்கரைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டாள். "கோவில்பட்டி பக்கந்தான் சார். செல்லத்துரைன்னு ஒருத்தர்."

போனை வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அஸ்ஸாம் வேண்டாம், அடுத்த தெருவைக்கூடத் தாண்டவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய மீதிப் பணத்தைப் புரோக்கர் தின்றான். முட்டாள் யார் என்று எழுத வேண்டியதில்லை.

சொல்ல மாட்டேன். நம்பர் என் போனில், வாய் என் வாய்.

அக். 8, புதன்

இன்றும் நம்பர் வந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒவ்வொன்றாகக் காலாவதி. இ-சேவை மையத்தில் செ. காத்துக் கிடக்கிறானாம். அவன் பெண்டாட்டி இவளுக்குப் போன் போட்டு அழுகை.

"காலைலேருந்து சாப்பிடாம உக்காந்திருக்காவளாம். ஒரு நம்பருதான, சொல்லிருங்களேன்."

"அவனுக்கு வாயில்லையா? வந்து கேக்கச் சொல்லு."

ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமான நாள்.

அக். 9, வியாழன்

தூறல். வந்தான்.

வண்டிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கடை வாசலில் நிறுத்தி இறங்கினான். தலை நரைத்திருக்கிறது. எனக்கு இளையவன், எனக்கே அவ்வளவு இல்லை. புண்ணாக்கு வாங்க நின்றவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அண்ணே, அந்த நம்பரு."

வேறு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கீங்க இல்லை, முழங்கால் எப்படி இருக்கு இல்லை. படியேறவும் இல்லை. போனில் மையத்துக்காரன் காத்திருக்கிறான் போல, காதிலேயே வைத்திருந்தான். என் போனில் புதிதாக விழுந்த நம்பரைக் கடகடவென்று வாசித்தேன்.

"இன்னொரு மட்டம் சொல்லுங்கண்ணே. வேகமாச் சொல்லிட்டிய."

மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவனும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். மூன்று வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அதுதான்.

"ஆயிருச்சாம். வாரேன்ணே."

போய்விட்டான். இனி வண்டி அவன் பெயரில். என்னிடம் வர அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

சாயங்காலம் சீக்கிரமே கடையைப் பூட்டிவிட்டேன். இவள் என்ன ஆச்சு என்று கேட்டாள், முழங்கால் வலி என்றேன். தப்பான நம்பரைச் சொல்லியிருக்கலாம். நாளைக்கும் வந்திருப்பான்.